அந்தக் குட்டைத் தண்ணீரைத் தொடாதே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் நேற்றுப் பொழுது சாயும் நேரத்தில் வந்து சேர்ந்தது. உப்பு மூட்டையோடு வரும் அந்தப் பையன் அதை பாலித்தீன் தாளில் சுற்றி, சட்டைக்குள் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்தான். நாளை விடிவதற்குள் திரும்பிப் புறப்படுகிறான். அதனால் இரவோடு இரவாக, ஒரு பழைய கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் இதை எழுதுகிறேன். உன் கையெழுத்தைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் படிக்கவே முடியவில்லை. நீ இருக்கிறாய், தங்கச்சியும் சின்னவளும் உன்னோடு இருக்கிறார்கள் என்ற வரியை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்தக் குட்டை.

இடிந்த தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு குட்டை கண்டுபிடித்திருக்கிறோம், தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, அடியில் கிடக்கும் கூழாங்கல்கூடத் தெரிகிறது, கொதிக்க வைத்துக் குடிக்கப்போகிறோம் என்று எழுதியிருக்கிறாய். அதே பக்கத்தில், நீ யோசிக்காமலேயே இன்னொன்றும் எழுதியிருக்கிறாய். பாசி கிடையாது, ஒரு கொசுப்புழுகூடக் கிடையாது, அவ்வளவு சுத்தம் என்று. அந்த இடத்தில்தான் எனக்கு அடிவயிறு கலங்கியது. நாலு வருஷமாகத் திறந்து கிடக்கிற தண்ணீரில் பாசி பிடிக்கவில்லை, புழு நெளியவில்லை, தவளை வரவில்லை என்றால் அதில் ஏதோ இருக்கிறது. தவளை இருந்தாலே நல்ல தண்ணீர் என்று நான் சொல்லவில்லை. ஒரு உயிரும் அண்டாத தண்ணீரைக் கண்டால் பயப்பட வேண்டும் என்கிறேன்.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். அதற்கு மேல் கொதியிடம் எதையும் எதிர்பார்க்காதே. ஈயமோ ஆர்செனிக்கோ கதிரியக்கத் தூசியோ தண்ணீரில் இருந்தால் அது அப்படியே இருக்கும். தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய, மிச்சம் இருப்பதில் விஷம் இன்னும் கெட்டிப்படும். குழி வெட்டி, மேலே பிளாஸ்டிக் தாள் விரித்து, ஆவியைச் சொட்ட வைத்துப் பிடிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறாய். உப்புத் தண்ணீருக்கு அது சரி. ஆனால் ஒரு மீட்டர் அகலக் குழி நாள் முழுக்க வெயிலில் கிடந்தாலும் ஒரு லிட்டர் கிடைப்பதே பெரிய காரியம். பல நாள் அதில் பாதிகூட வராது, அதற்குள் வெட்டியவன் உடம்பிலிருந்து அதைவிட அதிகம் வியர்வையாகப் போயிருக்கும். தொழிற்சாலைத் தண்ணீரில் பெட்ரோல், தின்னர் மாதிரி எதுவும் கலந்திருந்தால் அதுவும் ஆவியோடு எழும்பி, ஆவியோடு சொட்டும். ஆகவே அந்தக் குட்டை வேண்டவே வேண்டாம். சின்னவளைக் குளிப்பாட்டக்கூட வேண்டாம்.

1854-இல் லண்டனில் காலரா பரவியபோது, பிராட் தெருப் பம்பில்தான் கோளாறு என்று ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் கண்டுபிடித்ததை நாம் சேர்ந்து படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பக்கம் வாழ்ந்துவிட்டு வெகுதூரம் குடிபோன ஒரு பெண்மணி, அந்தத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய், அதை வண்டியில் வரவழைத்துக் குடித்துவந்தார். அவர் இருந்த இடத்தில் காலராவே இல்லை. அவர் செத்துப்போனார், அதே தண்ணீரைக் குடித்த அவருடைய உறவுப் பெண்ணும் செத்துப்போனாள். உன் கடிதத்தில் கண்ணாடி என்ற சொல்லைப் படித்ததிலிருந்து அந்தப் பெண்மணிதான் நினைவில் நிற்கிறார்.

நீங்கள் கைவிட நினைக்கிற அந்தக் கலங்கல் கிணறுதான் உங்கள் தண்ணீர். செம்மண் நிறம், மண் வாடை, வாளியில் இரண்டு பூச்சி. இதெல்லாம் சரிசெய்யக்கூடிய குறைகள். இறைத்த தண்ணீரை ஒரு இரவு ஆடாமல் அசையாமல் வை. காலையில் மேலே இருப்பதை மட்டும் மெதுவாகச் சாய்த்து, பழைய பருத்தித் துணியை நாலைந்து மடிப்பாக மடித்து வடிகட்டு. துவைத்துத் துவைத்து நைந்த துணிதான் இதற்கு நல்லது, அதன் இழைகள் நெருக்கமாகியிருக்கும். வங்கதேசத்தில் பழைய சேலையை இப்படி மடித்து வடிகட்டிய கிராமங்களில் காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று 2003-இல் ஓர் ஆய்வு வந்தது. கலங்கல் அப்படியும் போகவில்லையென்றால் முருங்கை விதை இருக்கிறது. லிட்டருக்கு ஒன்றிரண்டு விதை. தோலை உரித்து நன்றாகப் பொடித்து, கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, அதைக் கலந்து முதலில் வேகமாகவும் பிறகு நிதானமாகவும் கிளறு. ஒரு மணி நேரத்தில் மண் திரிதிரியாகச் சேர்ந்து அடியில் படியும். ஆனால் அந்தத் தண்ணீரை அன்றைக்கே தீர்த்துவிடு, வைத்தால் கெட்டுப்போகும்.

தெளிந்த பிறகுதான் கிருமி. இருபது நிமிஷம் கொதிக்க விடுகிறோம், விறகு தீர்ந்துபோகிறது என்று எழுதியிருந்தாய். பாவம், எவ்வளவு விறகு வீணாகியிருக்கும்! தளதளவென்று முழுக் கொதி வந்து ஒரு நிமிஷம் போதும். 2000 மீட்டருக்கு மேலே மலையில் இருந்தால்தான் மூன்று நிமிஷம்.

விறகு இல்லாத நாளுக்கு வெயில். நிறமில்லாத பிளாஸ்டிக் பாட்டில், இரண்டு லிட்டருக்குள் இருக்கட்டும். தெளிந்த தண்ணீரை ஊற்றி, தகரத்தின் மேல் படுக்க வைத்து, நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் விடு. மேகமூட்டம் என்றால் இரண்டு நாள். தண்ணீர் தெளிவுதானா என்று பார்க்க, பாட்டிலை எழுத்துள்ள ஒரு தாளின் மேல் நிறுத்தி மேலிருந்து குனிந்து பார். எழுத்து படிக்க முடியவில்லையென்றால் இன்னும் வடிகட்ட வேண்டும். நீ எடுத்து வைத்திருக்கிற பிளீச் திரவத்தை மட்டும் நம்பாதே. மூடி திறக்காமல் இருந்தாலும் அது தானாகவே வலுவிழக்கும். புதுசாக இருந்தால் லிட்டருக்கு இரண்டு சொட்டு விட்டு அரை மணி நேரம் காத்திருக்கச் சொல்வேன். நாலு வருஷத்துப் பழசுக்கு நான் கணக்குச் சொல்ல மாட்டேன்.

இனி எங்கள் கதை. மணல் வடிகட்டி ஒன்று கட்டினோம். உயரமான பீப்பாய், அடியில் ஜல்லி, அதன் மேல் முழங்கால் உயரத்துக்கும் அதிகமாகக் கழுவிய பொடிமணல், அதன் மேல் எப்போதும் நாலு விரல் தண்ணீர். முதல் மூன்று வாரம் நான் யாரையும் அப்படியே குடிக்க விடவில்லை. அந்த மூன்று வாரத்தில் மணலின் மேல் வழுவழுவென்று ஒரு படலம் படிகிறது. அது உயிருள்ள படலம், கிருமியைப் பிடித்துத் தின்பது பெரும்பாலும் அதுதான். ஒரு நாள் நான் வெளியே போயிருந்தபோது, எங்களோடு இருக்கும் நல்ல மனுஷர் ஒருவர், அழுக்குப் பிடித்திருக்கிறதே என்று அதை முழுக்கச் சுரண்டிக் கழுவி வைத்துவிட்டார். சுத்தம் செய்துவிட்டேன் என்று சந்தோஷமாகச் சொன்னார். எனக்குக் கோபப்படவும் மனம் வரவில்லை. மறுபடி முதலிலிருந்து மூன்று வாரம்.

அதைவிடப் பெரிய அடி அதற்கப்புறம்தான். படலம் திரும்பிவிட்டது, தண்ணீர் தெளிவு, கொதிக்கவும் வைத்தோம். அப்படியும் ஒரே வாரத்தில் ஆறு பேருக்குப் பேதி. நான் கிணற்றைச் சந்தேகப்பட்டேன், மணலைச் சந்தேகப்பட்டேன், இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு குழந்தை ஓடி வந்தது. கை நிறைய மண். குவளையைப் பானைக்குள் முக்கியபோது விரல்கள் மணிக்கட்டு வரை தண்ணீருக்குள் போயின. குடித்துவிட்டு, மிச்சத்தைத் திரும்பப் பானையிலேயே ஊற்றிவிட்டு ஓடியது. பார்த்துக்கொண்டே இருந்தேன். பெரியவர்களும் அதையேதான் செய்தார்கள், நானும்தான் செய்திருக்கிறேன். இத்தனை பாடுபட்டுச் சுத்தம் செய்த தண்ணீரை, கடைசி ஒரு முழத்தில் நாங்களே கெடுத்துக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கே வாய் குறுகலான கேனுக்கு மாற்றினோம். சாய்த்து ஊற்றலாம், கை போகாது. பிறகு கழிப்புக் குழியை அளந்து பார்த்தேன், கிணற்றிலிருந்து பதினெட்டு மீட்டர்தான் இருந்தது. முப்பது மீட்டருக்கு அப்பால், பள்ளமான பக்கத்தில் புதுசாக வெட்டினோம். நீயும் காலால் அளந்து பார்த்து எழுது.

ஆறு பேரில் ஐந்து பேர் பிழைத்தார்கள். ஒரு லிட்டர் நல்ல தண்ணீர், தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. வாந்தி எடுத்தாலும் பத்து நிமிஷம் விட்டு மறுபடி ஒவ்வொரு வாயாக. நாலு வயசுக் குழந்தையை மடியில் வைத்து விடிய விடிய அப்படிக் கொடுத்தாள் அவள் அம்மா. அதிகாலையில் அந்தக் குழந்தை சிறுநீர் கழித்தபோது நாங்கள் எல்லோரும் அழுதுவிட்டோம். வயதான ஒருவரைத்தான் காப்பாற்ற முடியவில்லை. குழந்தைகளுக்கு முதலில் கொடுங்கள் என்று சொல்லி, தனக்கு வந்ததை இரண்டு நாள் மறைத்துவிட்டார். தங்கச்சியிடம் சொல்லி வை, உங்கள் கூட்டத்தில் யாரும் அப்படி மறைக்கக் கூடாது. சர்க்கரையில் ஒரு பொட்டலம் தனியாக எடுத்து, எந்தப் பசிக்கும் தொடாமல் வை.

இங்கே வந்துவிடலாமா என்று கேட்டாய். வா என்று சொல்லத்தான் வாய் வருகிறது. ஆனால் நடந்தால் ஐந்து இரவு, இடையில் தண்ணீர் இருப்பதாக அந்தப் பையன் சொல்வது ஒரே இடத்தில்தான். சின்னவளை வைத்துக்கொண்டு இந்தக் கோடையில் வேண்டாம். முதல் மழைக்கு அப்புறம் நானே பாதி வழிக்கு எதிரே வருகிறேன்.

பையனிடம் நிறமில்லாத பாட்டில் மூன்றும், எங்கள் மரத்து முருங்கை விதை ஒரு பிடியும் கொடுத்தனுப்புகிறேன். பாட்டிலில் இருக்கிற தண்ணீர் அவன் வழியில் குடிக்க, காலியாகத்தான் உன்னிடம் வரும். அடுத்த கடிதத்தில் கிணற்றில் தண்ணீர் எத்தனை முழத்தில் இருக்கிறது என்று எழுது. அந்தக் குட்டைத் தண்ணீரை யாராவது ஏற்கெனவே குடித்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுது.

வெளியே பையன் எழுந்துவிட்டான், மூட்டையைக் கட்டுகிற சத்தம் கேட்கிறது.

என்றும் உன்
பழைய அறைத்தோழன்