எங்கள் கிரேட்டிங் குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய இயற்பியல் பேராசிரியர்களுக்கும் ஆய்வக உதவியாளர்களுக்கும் வணக்கம்.

செய்முறைத் தேர்வு நேரத்தில் ஒரு பேச்சு கிளம்பி, வேலூரிலிருந்து குடியாத்தம், ஆரணி வரை கல்லூரி கல்லூரியாகப் பரவியிருக்கிறது. நாங்கள் ‘டூப்ளிகேட்’ கிரேட்டிங் (ஒளியை நிறங்களாகப் பிரிக்கும், நெருக்கமாகக் கோடுகள் கொண்ட தகடு) விற்கிறோமாம், அதில் கோடுகள் குறைகின்றனவாம். மனம் நொந்துதான் எழுதுகிறேன்.

நாங்கள் தருவது மூலத் தகட்டிலிருந்து படி (நகல்) எடுத்த கிரேட்டிங். பில்லிலேயே அப்படித்தான் போடுகிறோம். அங்குலத்துக்கு 15,000 கோடுகளை வைர முனையால் கீறும் இயந்திரத்தின் திருகில் மயிரிழை பிசகு இருந்தாலும், நிறமாலையில் இல்லாத கோடுகள் தெரியும். 1880களில் அமெரிக்காவின் பால்டிமோரில் பேராசிரியர் ரோலண்ட் அந்தத் திருகைச் செம்மைப்படுத்தத்தான் அவ்வளவு பாடுபட்டார். அப்படிக் கீறிய மூலத் தகட்டை எந்தக் கல்லூரி மாணவர் கையில் கொடுக்கும்? அதன்மேல் பிசினை வார்த்து, இறுகியதும் பிரித்தெடுத்துக் கண்ணாடியில் பதிக்கிறார்கள். கோடுகள் அப்படியே இறங்கிவிடும். பெரிய தொலைநோக்கிகளில் பொருத்துவதும் பெரும்பாலும் இத்தகைய படிதான்.

ஐயம் இருந்தால் சோடியம் விளக்கில் பாருங்கள். நடுவிலிருந்து முதலில் வரும் மஞ்சள் கோடு, அதாவது முதல் வரிசை, 20 டிகிரி 22 நிமிடத்தில், இடமும் வலமும் ஒன்றுபோல் வரவேண்டும். அதற்குமுன் ஸ்பெக்ட்ரோமீட்டரின் (நிறமாலைக் கோணத்தை அளக்கும் கருவி) தொலைநோக்கியை 90 டிகிரி திருப்பி, கிரேட்டிங்கில் எதிரொளித்த பிளவின் (ஒளி நுழையும் இடுக்கு) பிம்பம் குறுக்குக் கம்பியில் விழும்வரை கிரேட்டிங் வைத்த மேசையைச் சுழற்றி, அங்கிருந்து மேசையை 45 டிகிரி திருப்பி, ஒளி கிரேட்டிங்கில் செங்குத்தாக விழும்படி நிறுத்துங்கள். அவசரத்தில் மாணவர்கள் விட்டுவிடுவது இதைத்தான். கிரேட்டிங் 5 டிகிரி சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் 20.1, மறுபக்கம் 20.8 டிகிரி காட்டும். குறைந்த பக்கத்தை மட்டும் அளந்தவர் கணக்கில் கோடு குறையத்தான் செய்யும். அந்தப் பழி எங்கள் சரக்கின்மேல் விழுவது நியாயமா?

இன்னொன்று, கோடுள்ள பக்கத்தைப் பஞ்சாலோ துணியாலோ துடைக்காதீர்கள். விரல் பட்டாலே எண்ணெய் படிந்துவிடும். விளிம்பைப் பிடித்து எடுத்து, ஊதுபந்தால் தூசியை நீக்கினால் போதும்.

இந்தப் பேச்சுக்கு நடுவிலும் எங்களிடமே ஆர்டர் கொடுத்த துறைத் தலைவர்களுக்கும், வதந்தியை முதலில் எங்கள் காதில் போட்ட ஆய்வக உதவியாளர்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. உங்கள் ஆதரவில்தான் இந்தக் கடை நிற்கிறது.

கொள்முதல் விலையும் லாரி வாடகையும் ஏறிவிட்டதால் அடுத்த மாதம் முதல் விலை சற்றுக் கூடும். துடைத்துக் கெட்டவற்றுக்கு இலவச மாற்று இனி இல்லை.

சந்தேகப்படும் கிரேட்டிங்கை எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள். ஸ்பெக்ட்ரோமீட்டரில் பொருத்தி, உங்கள் கண்முன்னே அளந்து காட்டுகிறோம்.

அன்புடன்,
உரிமையாளர்