பில்லுக்கு எடுத்த படத்தைக் கிராம சபையில் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் பத்திரிகைக்காரன் இல்லை, ஸ்டூடியோ வைத்திருப்பவனும் இல்லை. வேலை போக மிச்ச நேரத்தில் கேமராவை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றுகிறவன். தேர் இழுப்பதை எடுத்தாலும், தேர்தல் பிரசாரத்தை எடுத்தாலும் யாரும் ஒன்றும் கேட்பதில்லை, இன்னும் இரண்டு எடுங்க தம்பி என்பார்கள். புதிதாகப் போடுகிற சாலையையோ சாக்கடையையோ எடுத்தால் மட்டும் வண்டியை நிறுத்தி, "நீங்க யாரு, எந்தப் பேப்பர், யாரைக் கேட்டு எடுக்கிறீங்க" என்கிறார்கள்.

எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் கட்டியபோது நடந்ததைச் சொல்கிறேன். கம்பி கட்டி முடித்திருந்தார்கள், ஆனால் அதைத் தூக்கி நிறுத்த அடியில் கவர் பிளாக் என்கிற சின்னக் கட்டை ஒன்றுகூட வைக்கவில்லை, கம்பி அப்படியே ஈர மண்ணில் கிடந்தது. மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், துரு ஊதிப் பெருத்தால் கான்கிரீட் வெடிக்கும், இது எந்தக் கொத்தனாருக்கும் தெரியும். மறுநாள் கான்கிரீட் கொட்டிவிட்டால் அப்புறம் யார் வந்து பார்த்தாலும் மேலே பளபளவென்றுதான் இருக்கும். அதனால் அன்றைக்கே நின்று நிதானமாக எடுத்தேன். எடுத்த கையோடு ஒப்பந்ததாரரின் ஆளும் உள்ளூர் கட்சிக்காரர் ஒருவரும் வந்து, படத்தை அழிக்கச் சொன்னார்கள். அழிக்கவில்லை.

இதில் எனக்குப் புரியாத விஷயம் ஒன்று உண்டு. அரசாங்கமே இன்று போட்டோவை நம்பித்தான் ஓடுகிறது. பிரதமர் வீடு திட்டத்தில் கிராமத்தில் வீடு கட்டுகிறவர், ஒவ்வொரு கட்டத்துக்கும் இடம் பதிவான படம் ஏறினால்தான் அடுத்த தவணையைப் பார்க்க முடியும். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரியிலிருந்து, வருகையைப் பதிவு செய்கிற ஆப்பில் தினமும் இரண்டு முறை படம் எடுப்பதைக் கட்டாயமாக்கினார்கள். வெயிலில் மண் வெட்டுகிற அம்மாவை நாளுக்கு இரண்டு தடவை நிற்க வைத்துப் படம் பிடிக்கலாம், ஆனால் பல லட்சத்துக்குப் போடுகிற சாலையை ஒரு குடிமகன் படம் பிடிக்கக் கூடாதா? அந்த ஆப்பிலும் வேலைக்குச் சம்பந்தமே இல்லாத படங்களும், படத்தையே திரும்பப் படம் எடுத்ததும் ஏற்றப்பட்டிருப்பதாக 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதியது. எடுக்கிறவரும் அலுவலகம், பார்க்கிறவரும் அலுவலகம் என்று இருந்தால் இப்படித்தான் ஆகும்.

தேர்தல் ஆணையம் 2018-இல் கொண்டுவந்த சி-விஜில் ஆப்பைப் பாருங்கள். பணம் கொடுப்பதையோ விதிமீறி பேனர் வைப்பதையோ யார் வேண்டுமானாலும் படம் எடுத்து அனுப்பலாம். கேலரியில் கிடக்கும் பழைய படம் ஏறாது, அந்த இடத்தில் நின்றுதான் எடுக்க வேண்டும், 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது கணக்கு. ஆக, தேர்தல் சமயத்தில் சாதாரண ஆளின் கேமராவை நம்ப முடிகிறது. ஓட்டு எண்ணி முடிந்த மறுநாளிலிருந்து ஏன் முடியவில்லை?

உள்ளாட்சியில் இந்தக் கேள்வி இன்னும் அவசரமானது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு ஊரகத் தேர்தல் நடக்க 2019 டிசம்பர் ஆனது, அதுவும் எல்லா மாவட்டத்திலும் இல்லை. அப்போது ஜெயித்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, ஊராட்சிகள் மறுபடி அரசு நியமித்த தனி அலுவலர்கள் கைக்குப் போயின. தலைவர் என்று ஒருவர் இருந்தால் வழியில் மறித்தாவது கேட்கலாம். அவரும் இல்லாதபோது ஊர்க்காரனிடம் மிஞ்சுவது அவன் கண்ணும் கையிலிருக்கும் போனும்தான்.

குடியரசு தினத்தன்று எங்கள் ஊராட்சியில் கொடியேற்றும்போது அத்தனை போனும் மேலே போகும். மிட்டாய் கொடுத்து முடித்து, அதே நாளில் அதே இடத்தில் கிராம சபை ஆரம்பிக்கும்போது பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள், மீதிப் பேர் நோட்டில் கையெழுத்துப் போட வரிசையில் நிற்பார்கள். நாட்டின் பெரிய நாட்களைப் படம் எடுக்க ஆட்கள் என்றைக்கும் இருந்திருக்கிறார்கள். சுதந்திரம் வந்தபோது டெல்லி எப்படி இருந்தது என்பது புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா போன்றவர்கள் எடுத்த படங்களால் இன்றும் நமக்குத் தெரிகிறது. அதே வருடத்தில் எங்கள் ஏரிக்கரை எந்த உயரத்தில் இருந்தது, எந்த வாய்க்கால் எங்கே ஓடியது என்று காட்ட ஒரு படமும் இல்லை. ஆக்கிரமிப்பு வழக்கு வரும்போதுதான் அதன் அருமை தெரிகிறது.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற விஷயம் இல்லை. தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு நாள் கிராம சபை நடக்கிறது. முந்தைய கூட்டத்துக்குப் பிறகு நடந்த ஒவ்வொரு வேலைக்கும், தொடங்குவதற்கு முன், நடுவில், முடிந்த பின் என்று எடுத்த படங்களை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். ஒப்பந்ததாரரின் பில்லுக்காக எடுத்த படங்கள் ஏற்கெனவே அலுவலகத்தில் இருக்கும். கம்பி கட்டிய படம் கட்டாயம் இருக்க வேண்டும், ரிப்பன் வெட்டுகிற படம் வேண்டாம். பக்கத்திலேயே ஊர்க்காரர்கள் எடுத்ததை ஒட்டவும் இடம் விடுங்கள், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று அங்கேயே எல்லோரும் பார்த்துக்கொள்ளட்டும்.

அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைக்கச் சொல்லி மனு எழுதி வைத்திருக்கிறேன். மற்ற ஊர் வாசகர்களும் எழுதிக் கொடுத்தால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்