பிள்ளைகளின் கையை நீட்டச் சொல்லிப் பாருங்கள்: தற்காப்புக்கலை மாஸ்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாஸ்டர்களுக்கு,

வணக்கம். பதின்மூன்று வயதில் கராத்தே வகுப்பில் சேர்ந்து இன்றுவரை பயிற்சியை விடாதவன் நான். உடம்பை அடிக்குப் பழக்குவதே தப்பு என்று சொல்ல இதை எழுதவில்லை. முன்கையோடு முன்கை மோதியும், உதைத்துப் பழகத் தொங்கவிடும் பேக்கில் காலை இறக்கியும் உரமேறிய உடம்புதான் என்னுடையதும். அந்தப் பயிற்சியைச் சிறுவர்களுக்குக் கொடுக்கும் விதத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

எனக்குப் பதினான்கு வயது. வகுப்பில் சுவரோடு சேர்த்து ஒரு பலகையை அறைந்து, மேலே கயிறு சுற்றி வைத்திருந்தார்கள். அதுதான் மகிவாரா என்றார்கள். தினமும் கைக்கு 200 குத்து. மூன்றாவது வாரம் வலது கையின் நடுவிரல் முட்டி வீங்கி, பக்கத்து முட்டி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. காலையில் சட்டைப் பொத்தானை இடது கையால் தடவித் தடவிப் போட்டேன். மாஸ்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிடுவாரோ என்று பயம். அவரும் கேட்கவில்லை. அந்த விரல் இன்றும் முழுதாக மடங்குவதில்லை.

கராத்தே பிறந்த ஜப்பானின் ஒகினாவா தீவில் மகிவாராவைத் தரையில் நடுவதுதான் வழக்கம். அடியில் தடிமனாகவும் மேலே போகப் போக மெலிந்தும் இருக்கும். குத்தினால் பின்னால் வளைந்து கொடுக்கும். வளைவதுதான் அதன் வேலையே. சுவரில் அறைந்த பலகை எங்கே வளையும்? குத்திய வேகம் மொத்தமும் விரலுக்கும் மணிக்கட்டுக்குமே திரும்பி வருகிறது.

விழும் சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றிக்கொள்ளும் என்று ஜெர்மன் மருத்துவர் ஜூலியஸ் வூல்ஃப் 1892-ல் எழுதினார். நாம் எல்லோரும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். சரி, உண்மைதான். ஆனால் அது நடக்கும் வரிசையைப் பாருங்கள். சேதப்பட்ட எலும்பை முதலில் ஒரு வகைச் செல்கள் அரித்து எடுக்கின்றன. அதற்குச் சில வாரங்கள். அப்புறம்தான் வேறு செல்கள் வந்து புது எலும்பைப் படிய வைக்கின்றன. அதற்குச் சில மாதங்கள். அரித்தாயிற்று, இன்னும் நிரம்பவில்லை என்ற அந்த இடைக்காலத்தில் அந்த இடம் முன்பைவிடப் பலவீனமாக இருக்கிறது. வலி குறைந்துவிட்டதே என்று அப்போது எண்ணிக்கையை ஏற்றினால் மயிரிழை விரிசலில்தான் போய் நிற்கும். வலி குறைவது நரம்பும் மனசும் பழகிவிட்டதால். எலும்பு இன்னும் தயாராகாமலே இருக்கலாம்.

இன்னொன்று. விலங்குகளில் செய்த ஆய்வுகளில், சில பத்து முறை சுமை விழுந்ததும் எலும்புச் செல்கள் அதைப் பொருட்படுத்துவதை நிறுத்திவிடுவதும், பல மணி நேர ஓய்வுக்குப் பிறகே மீண்டும் உணர்வதும் தெரிய வந்திருக்கிறது. அப்படியென்றால் 30 குத்தோடு நிறுத்தி, ஓய்வு கொடுத்து, மறுபடி வருவதுதான் எலும்புக்கு நல்லது. மீதி 170 குத்தும் அன்று என் முட்டியை வீங்க வைத்ததோடு சரி.

பெரியவர்களுக்கே இப்படி. வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் நுனிப்பக்கம் வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. கெட்டிப்பட்ட எலும்பைவிட அது மென்மையானது. பெண் பிள்ளைகளுக்குச் சுமார் 15 வயது, ஆண் பிள்ளைகளுக்குச் சுமார் 17 வயது வரை, சிலருக்கு அதற்குப் பிறகும்கூட அது மூடுவதில்லை. அங்கே பலமாக அடிபட்டால் எலும்பு கோணலாகவோ குட்டையாகவோ வளரலாம். அந்த வயதுக்குக் குதிப்பதும் கயிறு தாண்டுவதும் தண்டால் எடுப்பதும் போதும். எலும்பு வலுவாக அவையே நல்ல சுமை. பலகை எங்கேயும் ஓடிவிடாது, காத்திருக்கும்.

முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் பாட்டிலையும் கட்டையையும் உருட்டும் பழக்கத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அங்கே தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் சதையே கிடையாது. எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வுதான் நசுங்குகிறது. கனமான பேக்கை உதைத்துப் பழகுவதே போதும். தொடையில் பலமாக அடிபட்டு ரத்தம் கட்டினால், சூடாக்கி அழுத்தித் தேய்த்துவிடுவதையும் நிறுத்துங்கள். அப்படிக் கன்றிய சதைக்குள் சில சமயம் எலும்பே வளர்ந்துவிடுகிறது, ஆரம்ப நாட்களில் தேய்ப்பது அதைத் தூண்டிவிடலாம். தலையைப் பற்றி ஒரே வரி: அடி வாங்கி வாங்கி உறுதியாகும் மூளை கிடையாது.

நம்மிடம் வரும் பிள்ளைகள் மரியாதையால் வாய் திறக்க மாட்டார்கள். நான் திறக்கவில்லை. அதனால் கேட்க வேண்டியது நீங்கள்தான். அடுத்த வகுப்பில் வணக்கம் வைத்து முடித்ததும், வரிசையில் நிற்கும் பிள்ளைகளைக் கைகளை நீட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு விரலாக மடக்கிக் காட்டச் சொல்லுங்கள். எந்த விரலாவது பாதியில் நின்றால், அந்தப் பிள்ளையை அன்று பலகைப் பக்கம் விடாதீர்கள். வீட்டிலும் சொல்லி, மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போன்ற ஒருவரிடம் கற்ற மாணவன்