கண்ணி, வளை, பொந்து: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். எறும்புத்தின்னியின் வளை எங்கே இருக்கிறது, எந்த மரப்பொந்தில் கிளி குஞ்சு பொரித்திருக்கிறது என்று வெளியாட்கள் நம் பிள்ளைகளிடம் விசாரிப்பதாகத் தெரிய வந்தது. இடத்தைக் காட்டினால் கைச்செலவுக்குப் பணமாம். பெரியவர்கள் என்றால் எதற்கு என்று திருப்பிக் கேட்பார்கள். அதனால்தான் பிள்ளைகளிடம் வருகிறார்கள்.

இந்த விலங்கு கடத்தும் தொழிலில் பிடித்துக் கொடுப்பவருக்குக் கிடைப்பது சொற்பம். சரக்கு கைமாறக் கைமாறத்தான் விலை ஏறும். ஆனால் வழக்கு என்று வந்தால் முதலில் அகப்படுபவர் உள்ளூர்க்காரர். தரகர் அதற்குள் ஊரைத் தாண்டியிருப்பார்.

உலகில் உள்ள எட்டு வகை எறும்புத்தின்னிகளையும் வணிகத்துக்காக நாடு விட்டு நாடு கடத்தக் கூடாது என்று 2016இல் சைட்டிஸ் (காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) மாநாடு முடிவு செய்தது. அந்த விலங்கு பெரும்பாலும் ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும். போன உயிர்களுக்கு ஈடாகப் பெருகி வர அதனால் முடியாது. மருந்து என்று விற்கப்படும் அதன் செதிள் வெறும் கெரட்டின், நம் நகத்தில் இருப்பதுதான். வகுப்பில் இதைச் சொன்னபோது, "அப்ப நம்ம நகத்தையே வெட்டி வித்துடலாமே சார்" என்றான் ஒரு மாணவன். அறிவியல் ஆசிரியர் சிரித்துவிட்டார்.

பயிரைக் காக்க வேறு வழியில்லாமல் சுருக்கு வைப்பவர்களும் உண்டு. ஒரு ராத்திரியில் விளைச்சல் போகிற வேதனை எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் பன்றிக்கு வைத்த கம்பி பன்றிக்காகக் காத்திருக்காது. மானோ, நாயோ, விளையாடப் போன பிள்ளையின் காலோ, எது வந்தாலும் இறுக்கும். விஷம் அதைவிட மோசம். கார்போஃபியூரான் என்ற பூச்சிக்கொல்லி தடவிய ஒரு விலங்கின் பிணத்தால் ஒரு கழுகுக் கூட்டமே அழியும். ஆப்பிரிக்காவில் யானை வேட்டைக்காரர்கள் இதை வேண்டுமென்றே செய்கிறார்கள். வானத்தில் கழுகு வட்டமிட்டால் வனக்காவலருக்கு இடம் தெரிந்துவிடுமே!

பிள்ளைகளிடம் நாங்கள் சொல்லியிருப்பது இதுதான்: கம்பியோ, வெடி வைத்த இரையோ, செத்த விலங்கோ கண்ணில் பட்டால் தொடாதே, பெரியவரிடம் சொல். கூட்டையோ வளையையோ படம் எடுத்துப் போனில் பரப்பாதே. உங்களிடம் வந்து சொன்னால் "ஊர் வம்பு நமக்கெதுக்கு" என்று அடக்கிவிடாமல், வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள். பயமாக இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், நான் பேசுகிறேன்.

வீட்டில் யார் வேட்டைக்குப் போகிறார்கள் என்று எந்தப் பிள்ளையையும் கேட்கக் கூடாது என ஆசிரியர்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். சிலருக்கு இதில் உடன்பாடில்லை. இருந்தாலும் சொந்த அப்பாவைக் காட்டிக்கொடுக்கும் பாரத்தைப் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்ற நான் தயாரில்லை. அதேசமயம், கண்ணி பார்க்கவோ குஞ்சு எடுக்கவோ பிள்ளையை அனுப்புவதாகத் தெரிந்தால், பெற்றோரை நேரில் அழைத்துப் பேசுவேன்.

மார்ச் 3, உலக வனவிலங்கு நாள். அன்று மாலை பள்ளியில் கூட்டம் வைத்திருக்கிறோம். வன அலுவலர் வருகிறார். பயிர்ச்சேதம் பற்றி அவரிடம் நேரடியாகக் கேளுங்கள், தயங்க வேண்டாம். வேலை முடிந்து வருபவர்களுக்கு வசதியாக 5 மணிக்குத் தொடங்குவோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்