பன்னிரண்டாயிரம் வாட்ஸும் அம்மாவின் காதும்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். பளபளவென்று ஒரு ஹோம் தியேட்டர் செட்டின் அட்டைப்பெட்டி, அதன்மேல் 5.1 (ஐந்து ஸ்பீக்கர், பேஸ் எனும் அடி ஒலிக்கு ஒரு சப்வூஃபர்) என்று பெரிதாக, அதைவிடப் பெரிதாக 12000 வாட்ஸ் பிஎம்பிஓ என்று, பக்கத்தில் தீ எரிகிற மாதிரி ஒரு படம் வேறு. "வாங்கிடலாமாண்ணே?" என்று கேட்டிருந்தாய். வேண்டாம். போனில் சொன்னால் பாதியில் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாய் என்பதால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த 12000 சமாச்சாரம். பிஎம்பிஓ என்பது உச்ச பவராம், ஆனால் அதை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று பொதுவான விதி எதுவும் கிடையாது. கம்பெனிக்காரன் அவனவன் இஷ்டத்துக்கு ஊதிப் பெருக்கிப் போடுகிற எண் அது. பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பார். கரண்ட் எவ்வளவு இழுக்கும் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும், 60 வாட்ஸோ 80 வாட்ஸோ. அறுபதை உள்ளே வாங்கிக்கொண்டு பன்னிரண்டாயிரத்தை வெளியே விடும் மிஷினைக் கண்டுபிடித்தவன் ஸ்பீக்கர் விற்றுக்கொண்டு இருக்கமாட்டான், உலகத்துக்கே கரண்ட் சப்ளை செய்துகொண்டிருப்பான். நீ பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ் வாட்ஸ், அதாவது விடாமல் தொடர்ந்து தரக்கூடிய பவர். அதைவிட முக்கியம், ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுக்கிற பவருக்கு எவ்வளவு சத்தம் தரும் என்கிற அளவு. 85 டெசிபல், 88 டெசிபல் என்று போட்டிருப்பார்கள். மூன்று டெசிபல்தானே என்று நினைக்காதே. 85 போட்ட ஸ்பீக்கர் 100 வாட்ஸில் தரும் சத்தத்தை 88 போட்டது 50 வாட்ஸிலேயே தந்துவிடும். நம் ஹால் அளவுக்குப் படம் பார்க்கும்போது பெரும்பாலான நேரம் ஓடுவது ஒன்றிரண்டு வாட்ஸ்தான்.

சரி, வாட்ஸை விடு. எனக்கு அதைவிடப் பயம் அந்த ஐந்து குட்டி ஸ்பீக்கர்களைப் பார்த்துத்தான். கைமுஷ்டி அளவு இருக்கிறது ஒவ்வொன்றும். கேஎல்எச் என்று ஒரு பழைய ஸ்பீக்கர் கம்பெனி, அதன் பெயரில் இருக்கும் எச் ஹாஃப்மன் என்பவர். அவர் சொல்லிவைத்த ஒரு கணக்கு உண்டு: சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த பவரில் நல்ல சத்தம், இந்த மூன்றில் இரண்டுதான் ஒரே சமயத்தில் கிடைக்கும். இரும்பு விதி என்றே அதற்குப் பெயர். அந்த முஷ்டி ஸ்பீக்கருக்குள் அதிர்ந்து சத்தம் எழுப்புகிற கோனால் 150, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உருப்படியாக எதுவும் செய்ய முடியாது. அதனால் அதற்குக் கீழே உள்ளதையெல்லாம் சப்வூஃபர் தலையில் கட்டிவிடுவார்கள். ஆண்குரலின் அடித்தளமே ஏறத்தாழ 85லிருந்து 180 ஹெர்ட்ஸுக்குள்தான் வருகிறது. விளைவு என்ன? ஹீரோ திரையில் நிற்கிறான், அவன் குரலின் பாதி டீப்பாய்க்குக் கீழே இருந்து வருகிறது.

இதெல்லாம் புத்தகத்தில் படித்தது மட்டும் இல்லை, நானே பட்டது. முதல் சம்பளத்தில் நான் வாங்கியதும் இதே சாதிப் பெட்டிதான். வாங்கிய அன்றைக்குக் குண்டு வெடிப்பு, கார் துரத்தல் எல்லாம் போட்டு அக்கம்பக்கத்தைக் கூட்டிவிட்டேன். அப்புறம் ஒருநாள் அம்மா படம் பார்க்க உட்கார்ந்தாள். சீனுக்கு ஒருதரம் "அவன் என்னடா சொல்றான்?" என்று கேட்டாள். சவுண்டைக் கூட்டுவேன். அடுத்த நிமிடமே சண்டை வரும், ஜன்னல் கண்ணாடி அதிரும், பதறிப்போய்க் குறைப்பேன். மறுபடி "என்னடா சொல்றான்?" ரிமோட்டைக் கீழே வைக்காமலே ஒரு முழுப் படம் பார்த்த குடும்பம் நாங்கள். மூன்றாவது வருடம் அந்த ஆம்ப்ளிஃபையர் செத்தது. போகட்டும், ஸ்பீக்கராவது மிஞ்சியதே என்று பார்த்தால், ஒயர் நுனியில் அந்தக் கம்பெனிக்கே உரிய ஒரு பிளக், மின்தடையும் வழக்கத்தைவிடக் குறைந்த 3 ஓம். வேறு எந்த ரிசீவரிலும் (சத்தத்தை வாங்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும் ஆம்ப்ளிஃபையர் பெட்டி) நிம்மதியாக மாட்ட முடியாது. ஐந்தும் பரணுக்குப் போயின.

அதனால் எண்ணிக்கையைப் பார்க்காதே. உன் கையில் இருக்கும் பணத்தை 10 பங்காக வைத்துக்கொள். 3 பங்கில் ஒரு சாதாரண 5.1 ரிசீவர், மிச்சம் 7 பங்கையும் முன்பக்க ஸ்பீக்கர்களில் போடு. அலமாரியில் வைக்கிற அளவுப் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர், கீழ் ஒலிக்கு வூஃபர் ஐந்து அல்லது ஆறரை இஞ்ச், மேலே கீச்சென்ற உச்ச ஒலிக்கு ஒரு ட்வீட்டர். அவ்வளவுதான், வேறு அலங்காரம் வேண்டாம். சப்வூஃபர் அடுத்த போனஸுக்கு, பின்பக்க ஸ்பீக்கர்கள் அதற்கும் அப்புறம். இதைச் சொன்னால் எல்லாரும் முகம் சுளிப்பார்கள், "பின்னாடி சத்தம் வரலேன்னா அது என்ன ஹோம் தியேட்டர்?" என்பார்கள். படத்தில் பேசுவதெல்லாம் முன்னால்தானப்பா நடக்கிறது.

நடுவில் மட்டும் உட்கார்ந்து பார்ப்பவனுக்கு இடது, வலது இரண்டே போதும், குரல் நடுத்திரையிலிருந்து வருகிற மாதிரியே காது நம்பிவிடும். ஸ்டீரியோவின் பிறப்பே இந்த ஏமாற்றுவேலையில்தான் இருக்கிறது. 1931இல் ஆலன் புளூம்லைன் என்கிற பிரிட்டிஷ் எஞ்சினியர் தியேட்டரில் படம் பார்த்துக்கொண்டிருந்தபோது, நடிகர் ஒரு மூலையில் நிற்க குரல் வேறு மூலையிலிருந்து வந்தது அவருக்குப் பொறுக்கவில்லை, அந்த வருடமே பேட்டன்டுக்கு எழுதிப்போட்டுவிட்டார். ஆனால் உன் வீட்டு சோபாவில் நான்கு பேர் உட்காருவீர்கள். ஓரத்தில் உட்காருகிற அம்மாவுக்குக் குரல் முழுக்க அந்த ஓரத்து ஸ்பீக்கருக்கே போய்விடும். அதற்காகத்தான் சென்டர் ஸ்பீக்கர். படத்தின் வசனத்தில் பெரும்பகுதி அது வழியாகத்தான் வருகிறது, இருந்தும் பெட்டி செட்டுகளில் மலிவாக முடித்துவிடுவதும் அதைத்தான்!

சென்டர் என்று படுக்கை வாட்டில், இரண்டு வூஃபருக்கு நடுவே ட்வீட்டர் வைத்து விற்பார்கள். டிவிக்குக் கீழே அழகாக உட்காரும். ஆனால் பக்கவாட்டில் உட்கார்ந்து கேட்டால் இரண்டு வூஃபரின் சத்தமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு குரல் மெலிந்துபோகும். இடமிருந்தால், இடது வலதுக்கு வாங்கிய அதே மாடலில் மூன்றாவது ஒன்றை நேராக நிறுத்திவைப்பதுதான் ஒழுங்கான வழி. ஜோடியாகத்தான் தருவேன் என்பார்கள். தரட்டும், இரண்டு ஜோடி வாங்கு, நாலாவது பின்னாளில் பின்பக்கச் சரவுண்டுக்கு ஆகும். பணம் இடித்தால் இப்போதைக்கு ஒரு ஜோடியோடு நிறுத்திக்கொள். நான் இரண்டு வருடம் அப்படித்தான் ஓட்டினேன்.

பழையது வாங்கலாமா என்று போன தடவை கேட்டாயே, ஸ்பீக்கரைத் தாராளமாக வாங்கலாம். முன்னால் இருக்கிற வலைமூடியைக் கழற்றிக் கோனைச் சுற்றியிருக்கும் வளையத்தை விரலால் லேசாகத் தொட்டுப் பார். ரப்பராக இருந்தால் நல்லது. ஃபோமாக இருந்து, விரலில் கறுப்பாகத் தூள் ஒட்டினால் காசை எடுக்காதே. அப்புறம் சவுண்டைக் குறைத்து வைத்து ஒரு ஆள் பேசுகிற எதையாவது போடச் சொல், கரகரப்பு இருந்தால் அதில்தான் மாட்டும், குத்துப்பாட்டில் எல்லாம் அமுங்கிவிடும். ரிசீவர் என்றால் ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளையிலும் ஒயரைச் சொருகிப் பார்த்தே ஆகவேண்டும். பழைய ரிசீவர் 4கே படத்தைக் கடத்தாது என்று யாராவது பயமுறுத்தினால் கண்டுகொள்ளாதே, செட்டாப் பாக்ஸ், பிளேயர் எல்லாவற்றையும் நேராக டிவியில் மாட்டிவிட்டு, ஏஆர்சி என்று போட்டிருக்கும் துளையிலிருந்து சத்தத்தை மட்டும் ரிசீவருக்குக் கொண்டுவந்துவிடலாம். அந்த வசதி 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4லிருந்தே இருக்கிறது, ரிசீவரின் பின்னாலும் அதே மூன்றெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்.

மாட்டும்போது சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. சிரிக்காதே, ஒரு பக்கம் மாறிப்போனால் பேஸ் காணாமல் போய், குரல் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் ஹால் முழுக்க மிதக்கும், நானே ஒரு வாரம் ரிசீவர் போச்சு என்று புலம்பிவிட்டு அப்புறம்தான் கண்டுபிடித்தேன். ஒயருக்குக் கொள்ளைக் காசு கொடுக்க வேண்டாம், அசல் செம்பா என்று மட்டும் கேள், அலுமினியத்தின்மேல் செம்பு பூசியதும் அதே நிறத்தில்தான் இருக்கும். ட்வீட்டர் உன் காது உயரத்துக்கு வரவேண்டும். ரிசீவர் மெனுவில் ஸ்பீக்கர் சைஸ் என்று ஒன்று இருக்கும். சப்வூஃபர் வந்தபிறகு எல்லாவற்றையும் ஸ்மால் என்றும் கிராஸ்ஓவரை (எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே சப்வூஃபருக்குப் போகவேண்டும் என்கிற எல்லை) 80 என்றும் வைத்துவிடு. அதற்குக் கீழே வரும் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குச் சுலபமாகப் பிடிபடாது, டீப்பாய்க்குக் கீழே ஆள் பேசுகிற கூத்து அதோடு தீரும். வசனம் இன்னும் அமுங்கினால் சென்டரை மட்டும் இரண்டு மூன்று டெசிபல் ஏற்று.

சப்வூஃபரை எங்கே வைப்பது என்பதற்கு ஒரு கோமாளி வேலை இருக்கிறது. அதைத் தூக்கி நீ உட்காருகிற சோபாவிலேயே வைத்து, பேஸ் நிறைய உள்ள பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாக முட்டிபோட்டுத் தவழ்ந்து வா. ஒரு மூலையில் வயிற்றைப் பிசைகிற மாதிரி இருக்கும், இன்னோர் இடத்தில் ஒன்றுமே இருக்காது, எங்கே பேஸ் ஒழுங்காகவும் தெளிவாகவும் கேட்கிறதோ அங்கே அதன் இடம். நான் தவழ்ந்தபோது உன் அண்ணி வீடியோ எடுத்து வைத்திருக்கிறாள்.

இப்போதைக்கு நீ செய்யவேண்டியது ஒன்றுதான். டேப் எடுத்து ஹாலின் நீளம், அகலம், சோபாவிலிருந்து டிவி எத்தனை அடி, சோபாவுக்குப் பின்னால் சுவர் ஒட்டி இருக்கிறதா இல்லை இடம் இருக்கிறதா என்று பார்த்து எழுதி அனுப்பு. டிவியின் பின்பக்கத்தையும் ஒரு போட்டோ எடு, துளைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்து தெரிகிற மாதிரி. அது வரும்வரை அந்தத் தீ எரிகிற பெட்டிக்காரனிடம் அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
அண்ணன்