வேலிக்கால் எத்தனை நட்டாச்சு?

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நேற்று போனில் "அப்பா எப்படி இருக்கார்?" என்று கேட்டாய். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் "நல்லாத்தான் இருக்கார்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பாதிப் பொய். மீதியை எழுதுகிறேன்.

தீ வந்துபோன முதல் இரண்டு வாரம் அவர் அசரவே இல்லை. செத்த மாடுகளைப் புதைக்கணும், பிழைத்ததுக்குத் தீவனமும் தண்ணீரும் பார்க்கணும். அழக்கூட நேரமில்லை. பார்த்தவர்கள் எல்லாம் "என்ன தைரியம்!" என்றார்கள். நானும் நம்பினேன். வேலை குறைந்த பிறகுதான் ஆரம்பித்தது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஜன்னலைத் திறந்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கிறார். எங்கோ சருகு கொளுத்தும் வாசனை வந்தாலே கையிலிருக்கும் தம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடுகிறார். இழப்பீட்டுப் படிவம் எழுதும்போது, தாத்தா நட்ட மரங்களை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று என்னைக் கேட்டார். நான் என்ன சொல்வேன்?

ஆனால் அவரை அரிப்பது அந்தக் கதவுதான். மாடுகள் சாலைக்கு ஓடிவிடக் கூடாதே என்று மேய்ச்சல் நிலத்துக் கதவைப் பூட்டியவர் அவர். தீ அந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்குத் தெரியும்? வெந்து கறுத்த தாழ்ப்பாளைக் கழற்றிக் கொண்டுவந்து மேசை டிராயரில் வைத்திருக்கிறார். நான் தூக்கி எறியவில்லை. நீயும் அதைப் பற்றிக் கேட்காதே.

வீடு வீடாக வந்த ஆலோசகர் பெண்ணிடம் எல்லாம் சொன்னேன். "என்ன நடந்தது என்று துருவாதீர்கள், தானாகப் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள்" என்றாள். உலக சுகாதார நிறுவனம் 2011இல் போட்ட மனநல முதலுதவிக் கையேடும் இதைத்தான் சொல்கிறதாம். தூக்கம் கெடுவதும் திடுக்கிடுவதும் முதல் சில வாரங்களில் சகஜம், ஒரு மாதம் தாண்டியும் விடாவிட்டால் டாக்டரிடம் போகணும். நமக்கு நாலு மாதம் ஆகிவிட்டது. மனநலம் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே எழுந்து போய்விட்டார். சரி, ரத்த அழுத்தம் பார்க்கப் போகும்போது தூக்கத்தையும் சொல்லுங்கள் என்றேன். தலையாட்டியிருக்கிறார். பூச்சிமருந்து அலமாரிச் சாவி இப்போது என்னிடம்தான் இருக்கிறது. பயப்படாதே, அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. இருந்தாலும் இருக்கட்டும்.

ஆஸ்திரேலியாவில் 2009 பிப்ரவரியில் 173 பேரைக் கொன்ற காட்டுத்தீக்கு அப்புறம், பிழைத்தவர்களை மெல்பர்ன் பல்கலைக்கழகம் வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்ததாம். பெரும்பாலோர் தேறிவிட்டார்கள். மிக மோசமாக எரிந்த இடங்களில் ஐந்து வருஷம் கழித்தும் ஐந்தில் ஒருவருக்கு மனக்கஷ்டம் தீரவில்லை. நாலு மாதத்தில் "இன்னுமா?" என்று கேட்கலாமா நாம்? அதே தீக்குப் பிறகுதான் பிளேஸ்எய்ட் என்ற தொண்டர் குழு அங்கே கிளம்பியது. எரிந்த வேலிகளை விவசாயிகளோடு கூட நின்று திரும்பப் போடுவது அவர்கள் வேலை.

அதன் அருமை எனக்கு இங்கேயே தெரிந்தது. பக்கத்துத் தோட்டக்காரர் மகன் சனிக்கிழமை தோறும் கடப்பாரையோடு வருகிறான். முதல் வாரம் இருவரும் வாயே திறக்கவில்லை. மூன்றாம் வாரம் கம்பியை முறுக்கிக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல், "அந்தக் கதவை நான்தான் பூட்டினேன்" என்றார். அவன், "எங்க கதவைத் திறந்துதான் விட்டோம் மாமா. ஒண்ணும் மிஞ்சலை" என்றான். அன்றைக்கு ராத்திரி ஐந்து மணி நேரம் தூங்கினார்.

அதனால் நிலத்தை விற்றுவிட்டு உன்னோடு வரச் சொல்லி இப்போது பேசாதே. உன் அக்கறை எனக்குப் புரிகிறது, அவருக்கு அது வேறு மாதிரி கேட்கும். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது, வடக்குப் பக்கம் வேலிக்கால் எத்தனை நட்டாச்சு என்று கேள். நேற்று வரை 41. தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே.

அன்புடன்,
அம்மா