அக்டோபர் 2 கிராம சபை: பிள்ளைகளின் மனநலம் குறித்து

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அக்டோபர் 2 அன்று கூடும் நம் கிராம சபையில், ஆரம்ப சுகாதார நிலையத்தின் பணிகளோடு பிள்ளைகளின் மனநலச் சேவையையும் விவாதப் பொருளாகச் சேர்க்கக் கோரி மனு கொடுக்க இருக்கிறோம். பிள்ளைகளின் உடல்நலத்தோடு வளர்ச்சிக் குறைபாடுகளையும் பரிசோதிக்கும் தேசியத் திட்டமான, 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டப்படி, மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வர வேண்டும். குழு வந்த தேதி, பரிசோதித்த பிள்ளைகளின் எண்ணிக்கை, மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் உண்மையில் போய்ச் சேர்ந்தார்கள் என்பது, இம்மூன்றையும் சபையில் கேட்போம். மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஏனெனில் பல்லடம் பக்கம் எனக்குத் தெரிந்த வீட்டில், பெற்றோர் இருவரும் விசைத்தறியில் ஷிப்டு பார்ப்பதால், பையனுக்கு எழுதித் தந்த பரிந்துரைச் சீட்டு நான்கு மாதம் சாமி படத்துக்குப் பின்னால் செருகியபடியே இருந்தது.

எந்தப் பிள்ளையின் பெயரையும் சபையிலோ நம் உறுப்பினர் குழுவிலோ தயவுசெய்து குறிப்பிட வேண்டாம். எண்ணிக்கை மட்டும் போதும். பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள பெற்றோர் அவசியம் வந்து கலந்துகொள்ளுங்கள்.

இதற்கிடையில் யாருக்கேனும் மனநல ஆலோசனை தேவைப்பட்டால், டெலி மானஸ் 14416 என்ற இலவச எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். பிள்ளைக்கு ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள்.